நெகடிவில் இரண்டு தங்கைகள்

ஒரு முகத்திலிருந்து எவ்வளவு எடுத்த பிறகு அது இன்னொருவரின் முகமாகிவிடுகிறது?

ஆடி மாதத்து மைசூர்த் தூறலில், ஒரு பிற்பகல், இந்தக் கேள்வி ஈரக்குடையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஸ்டுடியோவின் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய என் வயது. அவள் சொன்ன சொற்கள் வேறு. அவள் எழுந்து போன பிறகு என்னிடம் தங்கிவிட்டது இந்தக் கேள்வி.

தொண்ணூறுகளின் முற்பாதி அது. சமூகவியலில் முதுகலை முடித்திருந்தேன். உழைக்கும் மக்களின் வாழ்க்கையைப் படங்களாகப் பதிவுசெய்ய வேண்டும் என்ற பெரிய எண்ணம் இருந்தது. கேமரா பிடிக்கத் தெரியாது என்பது மட்டுமே தடை. என் பள்ளித் தோழி வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டுக்கு அக்ரஹாரத்தில் ஒரு மாடி ஸ்டுடியோ இருந்தது. அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டதால் அவளே அதை நடத்தினாள். என் எண்ணத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"ஓடற ஜனங்கள அப்புறம் எடுக்கலாம் கணே. மொதல்ல உக்காந்திருக்கறவங்கள எடுக்கக் கத்துக்கோ."

மைசூர்த் தமிழர்கள் பேச்சில் பாதி கன்னடம். அவள் பேச்சில் முக்கால்.

இப்படித்தான் குடும்பப் படங்களுக்கு வந்து சேர்ந்தேன். படம் எடுப்பதைவிட அதன் பிறகு வரும் வேலை என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. வடக்கு ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை இருந்தது. நடுவில் மங்கலான கண்ணாடி. அதற்குக் கீழே, ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும், முகம் பார்க்கும் சாதாரணக் கண்ணாடி. மேலே நெகடிவை வைத்தால், அதிலிருக்கும் மனிதர்கள் மெல்ல ஒளிர்வார்கள். கருத்த முகம், வெளுத்த தலைமுடி, கண்மணியின் நடுவில் வெளிச்சம். திருமணமானவர்கள், ஓய்வு பெற்றவர்கள், மடியில் நெளியும் குழந்தைகள் எல்லோரும் அந்தத் தலைகீழ் உலகத்தில் ஒரே இனத்தவர் போலத் தோன்றினார்கள்.

அந்த வேலையை 'டச்சிங்' என்போம். படத்தில் கரும்புள்ளியாக விழப்போகும் ஒவ்வொன்றும் நெகடிவில் ஒரு சிறிய ஒளித்துளியாக இருக்கும். ஊசிபோலத் தீட்டிய பென்சிலால் அந்த ஒளியை மூடிவிட்டால் படத்தில் புள்ளி இராது. அழுத்தினால் நெகடிவ் கெட்டுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு, தொட்டும் தொடாமலும், ஒரு துளி, இன்னொரு துளி. ஜன்னலுக்கு வெளியே தூறலும் அப்படியேதான் விழுந்துகொண்டிருக்கும். எது கையின் அசைவு, எது மழையின் அசைவு என்று சில நேரம் பிரித்தறிய முடியாது.

வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கையில் தெருவும் நெகடிவாகவே தெரிந்தது. பூக்கடைகளில் சரம் சரமாகக் கருப்பு மல்லிகை. ஈரச்சாலையில் மாட்டுவண்டி ஒன்று வெண்ணிழலை இழுத்துக்கொண்டு போகும். சாமுண்டி மலை மேகத்துக்குள் போய், ஒளி படாத காகிதம் போல வெளிறி நிற்கும். அந்தச் சில மாதங்கள் முழுவதும் நான் விழித்துக்கொண்டே உறங்கியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனாலும் மனத்தில் ஒரு முள் இருந்தது. படித்தவள் அல்லவா? டச்சிங் என்பது பொய் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மனிதர்கள் தங்கள் முகத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; அந்த வெட்கத்துக்கு நாங்கள் பென்சில் சீவிக் கொடுக்கிறோம். தோழியிடம் இதைச் சொன்னால் அவள் வேறு பக்கம் திரும்பி விளக்கைச் சரிசெய்வாள்.

"வீட்டுல பவுடர் போட்டுக்கிட்டு வர்றாங்க. அப்போ நீ போய்க் கேக்கறியா? சும்னே இரு. கஸ்டமர் எவ்வளவு சொல்றாங்களோ அவ்வளவு."

கஸ்டமர்களும் சொல்லத்தான் செய்தார்கள். விஜயநகரிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். புது வீட்டுக் கூடத்தில் மாட்டப் படம் வேண்டும். அவர் என்னைத் தனியாக அழைத்து, "என் நெத்திக் கோடெல்லாம் இருக்கட்டும்மா, சர்வீஸ்ல வந்தது. மேடமோடத மட்டும் கொஞ்சம் நோடிக்கொண்டு எடுத்துடு" என்றார். அம்மையாருக்குக் காது கூர்மை. "என்னோடதும் சர்வீஸ்ல வந்ததுதான். உங்க சர்வீஸ்" என்றார் பின்னாலிருந்து. தோழி கேமராவின் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அதுவரை டச்சிங் எனக்கு இப்படியான விஷயமாகவே இருந்தது: ஒரு பக்கம் கொள்கை, மறுபக்கம் சிரிப்பு. யாருடைய வாழ்க்கையும் அதில் மாட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஹனூர்க் குடும்பம் வந்தது அந்த ஆடியில்தான். ஆடியில் பெண் பார்க்க வரமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் தரகர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அதற்குள் படம் எடுத்துவைப்பவர்கள் உண்டு. தந்தை, தாய், இரண்டு பெண்கள். தந்தைக்கு முசுக்கொட்டைத் தோட்டமும் பட்டுப்பூச்சி வளர்ப்பும். மைசூரில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, படத்தை முடித்துக்கொண்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பெருமாளையும் சேவித்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

மூத்தவள் மற்றவர்களுக்குப் பின்னால் மாடிப்படி ஏறி வந்தாள். முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. பெரியம்மை நாட்டைவிட்டுப் போவதற்குச் சற்று முன்னால் போட்டுவிட்டுப் போன தழும்பு. தாய்தான் அதைப் பற்றி முதலில் பேசினார், யாரும் கேட்காமலே, பாப்பாவுக்கு எந்த ஊர்ப் பள்ளி என்று சொல்வது போல.

"ஆத்தா போட்ட முத்துங்க. மூணு வயசுல வந்துச்சு. உசுரக் குடுத்துட்டு அடையாளத்த வெச்சுட்டுப் போயிட்டா."

தந்தை அவசரமாக என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினாலும் அறை சிறியது.

"அம்மிணி, மூத்தவ மூஞ்சியச் சுத்தமா எடுத்துப்போடோணும். ஒண்ணு விடக்கூடாது. கலர்ல அது ஆவாதுன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் கறுப்பு வெள்ளை கேக்கறனுங்க."

மூத்தவள் சுவரில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கேட்டிருக்கிறாள் என்பது அவள் முதுகில் தெரிந்தது.

படம் எடுத்தோம். தந்தையும் தாயும் நாற்காலியில். பெண்கள் பின்னால் நின்றார்கள். தந்தையின் மீசைக்கும் மூக்குக்கும் ஒரு மிடுக்கு வரட்டும் என்று தோழி பெரிய விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். "எல்லாரும் இங்க பாருங்க. இன்னிக்கு யாரும் யாரையும் அழவிடப் போறதில்ல, ஸ்வல்ப நகிங்க, சிரிங்க" என்றாள். தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் கண்ணை நேராகக் கேமராவில் நிறுத்தினாள். அந்தப் பார்வை நெகடிவில் இரண்டு சிறிய விளக்குகளாக விழுந்திருந்ததை மறுநாள் பார்த்தேன்.

பெரிய மரக் கேமராவின் நெகடிவ் என்பதால் ஒவ்வொரு முகமும் கட்டைவிரல் நகமளவுக்கு இருந்தது. பென்சில் போக அது போதும். தொடுவதற்கு முன் ஒரு மாதிரிப் படம் போட்டு வைத்தேன். முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் கற்றுக்கொள்வது என் வழக்கம். பிறகு காலையெல்லாம் உட்கார்ந்து, தந்தை சொன்னபடி, ஒளித்துளிகளை ஒவ்வொன்றாக மூடினேன். நெற்றியிலிருந்து கீழே இறங்கினேன். கன்னம், மூக்கின் ஓரம், தாடை. விடியும்போது நட்சத்திரங்கள் அணைவது போல அந்த முகம் மெல்ல மெல்ல அமைதியாகிக்கொண்டே வந்தது. என் கொள்கை எங்கோ தூரத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கை அதைக் கேட்கவில்லை. அதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. தோழி எட்டிப்பார்த்து, "அரே வா!" என்றாள்.

பிற்பகலில் தாயும் தந்தையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போயிருந்தார்கள். பெண்கள் இருவரும், படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க, குடையோடு வந்தார்கள். டச்சிங் முடிந்து போட்ட மாதிரிப் படத்தை மூத்தவள் கையில் கொடுத்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை அவள் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அக்கா, இதுல நான் ரெண்டு தடவ இருக்கேன்!"

சொன்ன மறுகணமே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். தழும்புகள் போனதும் அடியிலிருந்து எழுந்து வந்திருந்தது தங்கையின் முகம். அதே கன்னம், அதே தாடை. நான்கு பேரை எடுத்த படத்தில் அக்காவைக் காணவில்லை. இரண்டு தங்கைகள் நின்றார்கள்.

"போன தடவையும் இப்படித்தானுங்க," என்றாள் மூத்தவள். முக்காலியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டாள். "வேற ஊர்ல எடுத்தது. என்னைய மட்டும். இதே மாதிரி வழவழன்னு பண்ணிக் குடுத்தாங்க. சாதகமும் பொருந்திருச்சு. மாப்ள ஊட்டுல படத்தப் பாத்துப் புடிச்சுப்போய், பூவோடவே வந்துட்டாங்க."

அவர்கள் பக்கத்தில், பையனின் தாய் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அன்று மூத்தவள் பின்கட்டில், பட்டுப்பூச்சிக் கொட்டாயில் தழை போட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் தண்ணீர்ச் செம்போடு வரவேற்றது தங்கை. வந்த அம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தார். படத்தில் பார்த்த அதே முகம். மகிழ்ந்துபோய், உள்ளே வந்து உட்காரக்கூட இல்லாமல், அப்படியே நிற்கவைத்துத் தலையில் பூவைச் செருகிவிட்டார்.

"செம்பு என்ற கைல," என்றாள் தங்கை. "கீழ வெக்கறதா, பூவ எடுக்கறதா? எங்கப்பா 'அதில்லீங்க, அதில்லீங்க'ன்னு ஓடி வர்றாரு."

"அக்கா வந்து நின்னதும்?" என்று தோழி கேட்டாள்.

"அந்தம்மா கோவிச்சுக்கலீங்க," என்றாள் மூத்தவள். "மருவாதியாத்தான் சொன்னாங்க. 'படத்துல இருக்கற புள்ளைக்குத்தானுங்க நான் பூ வெச்சேன்'னாங்க. தப்புச் சொல்ல முடியுமுங்களா? படத்துல இருந்தது அவதான்."

தூறல் ஓட்டுக்கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"சின்னவளக் குடுங்கன்னு அப்புறம் ஆள் உட்டாங்க. இவ மாட்டவே மாட்டேன்னுட்டா."

"அந்தப் பூவ எருமைக் கொம்புல சுத்திட்டனுங்க மேடம்," என்றாள் தங்கை. "அன்னைக்கு எங்க ஊட்டுல சந்தோசமா இருந்தது அது ஒண்ணுதான்."

இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பது போல, டச்சிங் செய்வதற்கு முன் போட்ட மாதிரிப் படத்தை எடுத்து வந்தேன். ஒரு சிறிய சொற்பொழிவே செய்துவிட்டேன் என்று நினைவு. இதை அப்படியே அனுப்புங்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை. உங்களை உள்ளபடி மதிக்காதவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவே வேண்டாம். கேமரா பார்த்தது இதைத்தான்; ஒரு பென்சில்கூட இதில் படவில்லை.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். முதல் படத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"இதுவும் நானில்லீங்க."

"ஏன்? இதுதானே உண்மையான படம்?"

"உங்க உண்மைய வெச்சுப் பாக்கறதுக்கு என்ற மூஞ்சிதான் கெடச்சுதுங்களா?"

தோழி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவளும் கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய், வாடிக்கையாளர்கள் தலை சீவுவதற்காகச் சீப்பும் பவுடருமாக நாங்கள் வைத்திருந்த கைக்கண்ணாடியை எடுத்துவந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, பக்கத்தில் அந்தப் படத்தையும் பிடித்தாள்.

"நீங்களே பாருங்க. இத்தன ஆழமாவா இருக்குது?"

கண்ணாடியில் இருந்த முகத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். மழைநாளின் மெல்லிய வெளிச்சத்தில், தூறல் விழுந்து ஓய்ந்த ஆற்றுமணல் போல இருந்தது அது. மணலுக்கும் புள்ளிகளுக்கும் நடுவே பகையில்லை. படத்தில் இருந்ததோ வேறு. தந்தையின் மீசைக்காகத் தோழி பக்கவாட்டில் வைத்த விளக்கு ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு நிழலை ஊற்றி வைத்திருந்தது. பென்சில் படாததாலேயே அது உண்மையாகிவிடவில்லை. முதல் பொய்யை விளக்குச் சொல்லியிருந்தது, இரண்டாவதை நான்.

தோழிக்கும் அது புரிந்தது. "என் லைட்டு" என்று மட்டும் சொன்னாள்.

"கண்ணாடில இருக்கறது படத்துல இருந்தாப் போதுமுங்க," என்றாள் மூத்தவள். "வந்து என்னையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போறதுக்கு, படத்தப் பாத்துட்டு வராமயே இருக்கட்டும்."

அந்த ஒரு வாக்கியம் என்னை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. படத்துக்குச் சொன்னவர் தந்தை. ஒன்று விடாமல் எடுக்கச் சொன்னார். அவர் அஞ்சுவதும் வீணான அச்சமில்லை: இதைப் பார்த்து ஒருவருமே வராமல் போனால்? ஆவணி போய், தை போய், இன்னோர் ஆடி வந்தால்? நான் என் கொள்கையோடு வீட்டுக்கு நடந்து போய்விடுவேன். ஹனூரில் அந்தக் கூடத்தில் காத்திருக்கப்போவது அவள். அவள் கேட்டபடி செய்தாலும் விளைவு அவளுக்கு, தந்தை கேட்டபடி செய்தாலும் விளைவு அவளுக்கு. விளைவு முழுவதும் ஒருவருடையதாக இருக்கையில், சொல்லும் உரிமை வேறு யாருக்கு இருக்க முடியும்? என் கல்வி எனக்கு அதுவரை தந்திருந்த எல்லாச் சொற்களையும்விட இந்தக் கணக்கு எளிமையாக இருந்தது.

"அப்பா கேட்டா என்ன சொல்லறது?" என்றேன்.

"அத நான் சொல்லிக்கறனுங்க."

நல்லவேளையாக, கற்றுக்குட்டி என்பதால் என்னிடம் நெகடிவைச் சுரண்டும் கத்தியைத் தோழி கொடுத்திருக்கவில்லை. பென்சில் மட்டும்தான். அதை அழிக்க முடியும். பஞ்சில் ஒரு துளி டர்பன்டைனைத் தொட்டு, நெகடிவின் மேல் மெல்ல ஒற்றினேன். காலையெல்லாம் நான் அணைத்த ஒளித்துளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இருட்டத் தொடங்கும் வானத்தைப் பார்ப்பது போலிருந்தது. முதலில் ஒன்று, பிறகு அங்கங்கே, பிறகு கண் சிமிட்டுவதற்குள் எல்லாமும். மூத்தவள் எனக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். தலைகீழ் உலகத்தில் தன் முகத்தை அவள் பார்ப்பது அதுவே முதல்முறை.

"அய்யோ, இங்க முத்தெல்லாம் வெளிச்சமாட்டம் இருக்குது," என்றாள்.

நான் பென்சிலைத் தீட்டினேன். இந்த முறை எதையும் மூடவில்லை. விளக்கு அதிகமாக்கிய ஒளியை மட்டும் கொஞ்சம் தணித்தேன். ஒவ்வொரு குழியும் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆழம் மட்டும் குறைந்தது. அவள் கைக்கண்ணாடியைப் பார்ப்பாள், நெகடிவைப் பார்ப்பாள். "இது இன்னுங் கொஞ்சம்." "இது போதுமுங்க." பென்சில் நுனி படலத்தில் உரசும் ஓசை காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. பட்டுப்பூச்சி நான்காம் முறை தோலுரித்துத் தூக்கம் எழுந்து தழை தின்னும்போது கொட்டாயில் இப்படித்தான் சத்தம் கேட்கும் என்று அவள் சொன்னாள். அது பெரிய மழை, இது சின்ன மழை என்றாள். நேரம் எங்கோ நின்றுவிட்டது. நான் ஒரு முகத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தேனா, அந்த முகம் என் மேல் வேலை செய்துகொண்டிருந்ததா என்று தெரியவில்லை.

இடது கன்னத்தில், வாயோரத்துக்குச் சற்று மேலே, மற்றவற்றைவிடப் பெரிய குழி ஒன்று இருந்தது. பென்சில் அதன் பக்கம் போனபோது தங்கை சட்டென்று கை நீட்டினாள்.

"அது வேண்டாங்க மேடம். அதத் தொடாதீங்க."

"உனக்கென்ன புள்ள?" என்றாள் அக்கா.

"அது என்னோடது."

அக்கா சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "கைப்புள்ளையா இருக்கறப்ப இவ தூங்கோணும்னா அதுல வெரல வெச்சாத்தானுங்க தூங்குவா. அஞ்சு வயசு வரைக்கும். நான் அப்படித் திரும்புனா முழிச்சுக்குவா."

அந்தக் குழியை நான் தொடவில்லை. விளக்கு அதில் ஊற்றிய நிழலோடு அப்படியே விட்டேன்.

மாலையில் தாயும் தந்தையும் ஈரத் துளசியோடு மாடி ஏறி வந்தார்கள். புதிதாகப் போட்ட படம் இன்னும் முழுதாக உலரவில்லை. தந்தை அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கண்ணருகே கொண்டுவந்தார்.

"என்ன அம்மிணி, பாதி வேலதான் ஆயிருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தவள் சொன்னாள்.

"முழுசும் ஆயிருச்சுங்கப்பா. நான்தான் சொன்னேன்."

"இத அனுப்புனா யாரு சாமி வருவாங்க?"

"வர்றவங்க வருவாங்க. வந்தா எந்திரிச்சுப் போவமாட்டாங்க."

தந்தை படத்தை இன்னொரு முறை தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஏமாற்றுக்காரர் அல்லர் அவர். ஒருமுறை தன் வாசலில் "அதில்லீங்க" என்று ஓடிவந்தவர். அந்த ஓட்டம் அவர் முகத்தில் மறுபடியும் ஒருமுறை ஓடி முடிந்ததை நான் பார்த்தேன். தாய் படத்தை வாங்கி, மூத்த மகளின் முகத்துக்கு நேரே, தொடாமல், கட்டைவிரலை நிறுத்தினார்.

"என்ற புள்ள இதுலதான் இருக்குது," என்றார்.

தந்தை ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பேருந்துக்கு நேரமாகிறது என்பது போல, தோழியிடம் சொன்னார்:

"தரகருக்கு மூணு போடுங்க. பெருசா ஒண்ணு தனியா போடோணும், ஊட்டுல மாட்டறதுக்கு."

தை பிறந்த பிறகு தங்கை மட்டும் ஒருநாள் வந்தாள். மைசூரில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். படியேறும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டாள். ஆவணியில் முதலில் ஒரு வீட்டுக்குப் படம் போனது. வேண்டாம் என்று தரகர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அன்னைக்கு அக்கா பாயசம் வெச்சாளுங்க."

"வேண்டாம்னதுக்குப் பாயசமா?" என்றாள் தோழி.

"எங்க ஊட்டுக்கு வந்து எந்திரிச்சுப் போகலீல்லங்க, அதுக்கு."

இரண்டாவது படம் கொள்ளேகால் பக்கம் போனது. அந்த வீட்டார் ஐப்பசியில் வந்தார்கள். தங்கை வேண்டுமென்றே, அதே செம்போடு, அதே வாசலில் போய் நின்றிருக்கிறாள். பையனின் தாய் செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார். அவள் கன்னத்தைத் தட்டி, "அக்கா எங்க கண்ணு?" என்று கேட்டார். யாரும் வழிகாட்டுவதற்கு முன்பே வீட்டைக் கடந்து பின்கட்டுக்கு நடந்து, கொட்டாய் வாசலில் முசுக்கொட்டைத் தழையோடு நின்றவளின் தலையில் பூ வைத்தார்.

"கை கழுவக்கூட உடலீங்க," என்றாள் தங்கை. திருமணம் மாசியில்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இனி மாட்டேன் என்று சொல்லிவிடவில்லை. டச்சிங்கைத் தொடர்ந்து கற்றேன், செய்தேன். ஆனால் அந்த ஆடிக்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவில் பக்கவாட்டு விளக்கை நகர்த்துவதற்கு முன் தோழி ஒவ்வொரு முகத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். சாய்வு மேசைக்குப் பக்கத்தில் இரண்டாவது முக்காலி ஒன்றும் கைக்கண்ணாடியும் நிரந்தரமாக இருந்தன. படத்துக்குச் சொன்னவர் யாராக இருந்தாலும், அந்த முகத்துக்குரியவர் அங்கே உட்கார்ந்து எவ்வளவு என்று சொல்லும்வரை நான் பென்சிலைத் தீட்டியதில்லை.